முதலில் போட்ட கால்

ஆடி அமாவாசைக்கு எங்கள் தென்காசிப் பக்கத்திலிருந்து காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். அங்கே பட்டவராயனுக்குக் காணிக்கை, தோல் செருப்பு. கட்டித் தொங்கவிட்ட செருப்பு கொஞ்ச நாளில் யாரோ போட்டு நடந்ததுபோல அடி தேய்ந்துவிடும் என்பார்கள். ராத்திரியில் பட்டவராயன் அதை மாட்டிக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறார் என்பது நம்பிக்கை.

அந்தப் பட்டவராயன்தான் முத்துப்பட்டன். பிராமணக் குடும்பத்துப் பிள்ளை. செருப்புத் தைக்கும் குடியைச் சேர்ந்த வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் பெண் கேட்டபோது, குடுமியையும் பூணூலையும் அறுத்துப் போட்டுவிட்டுச் செருப்புத் தைத்துக் கொண்டு வரச் சொன்னார் பகடை. பட்டன் உட்கார்ந்து தைத்தான். வில்லுப்பாட்டில் வாழ்ந்த இந்தக் கதையை நா. வானமாமலை பதிப்பிக்க, 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. காதலுக்காக உயிரை விட்டவர்கள் எத்தனையோ கதைகளில் உண்டு. தோலையும் ஊசியையும் கையில் எடுத்தவன் என்பதால் இவன்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

நான் போடுவது டயர் செருப்பு. பழைய லாரி டயரை வெட்டி அடி, டியூப்பைக் கிழித்து வார், வாரைப் பிடிக்க ஆணி. ஆணியின் முனை பாதத்தில் குத்தாதபடி மடக்கி அடிப்பதில்தான் செய்கிறவரின் கை தெரியும். ஈர மண்ணில் நடந்தால் லாரி போன தடம் விழும். கருவேல முள் உள்ளே ஏறாது. “இது தேயாது அண்ணாச்சி, நம்ம கால்தான் தேயும்” என்றார் செய்து கொடுத்தவர். வயல்காட்டிலும் ஆட்டுக்குப் பின்னாலும் நடந்தவர்களின் செருப்பு இது. கல்யாண வீட்டில் அத்தை என் காலைப் பார்த்துவிட்டு, “ஏல, இதையா போட்டுட்டு வந்த?” என்று முகம் சுளித்தாள். இதைப் போட்டதற்கு நான் கொடுத்த விலை அவ்வளவுதான்.

குற்றாலத்தில் சாரல் காலத்தில் பாறையில் பாசி வழுக்கும். அங்கே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வேன். அப்படி எடுக்கும்போதெல்லாம் மனசு வேறு எங்கோ போய்விடுகிறது. தென் மாவட்டங்களில் எத்தனையோ ஊர்களில், ஒடுக்கப்பட்ட சாதிக்காரர் மேல்சாதித் தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று கட்டுப்பாடு இருந்தது. ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்துக் கொடுத்தவர்களுக்கும் அதே கதிதான். அந்தத் தெருவில் ஒருவர் முதன்முதலாகச் செருப்போடு நடந்திருப்பார் இல்லையா? அவர் வாங்கிய அடிக்கும் வசவுக்கும் பக்கத்தில் என் அத்தையின் முகச்சுளிப்பை வைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு பொருள் நாகரிகமாவதற்கு முன்பே அதைப் போட்டவன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவருக்குத்தான் உண்டு.

2025 ஜூனில் மிலான் ஃபேஷன் மேடையில் பிராடா நிறுவனம் ஒரு தோல் செருப்பைக் காட்டியது. பார்த்த மாத்திரத்தில் அது கோலாப்பூர்ச் செருப்பு என்று நம் ஊர் ஆட்களே சொல்லிவிட்டார்கள். 2019-இலேயே புவிசார் குறியீடு வாங்கிய பொருள் அது. செய்கிறவர்களின் பெயர் விட்டுப்போனது என்று சண்டை கிளம்பிய பிறகுதான், இந்தியக் கைவினையிலிருந்து எடுத்தது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. டயர் செருப்புக்கும் ஒருநாள் கண்ணாடிக் கடை வாய்க்கலாம். வரட்டும், நல்ல பொருள் நாலு பேர் காலுக்குப் போவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஆணியை மடக்கி அடித்த கை அப்போதும் சாலையோரத்திலேயே குந்தியிருக்கக் கூடாது.

பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் இப்போது இதே செருப்பு வேண்டும் என்கிறான். இடத்தைச் சொன்னேன். அவர் கேட்கிற காசைக் கொடு, பேரம் பேசாதே, கொஞ்ச நேரம் உட்கார்ந்து அவர் எப்படிச் செய்கிறார் என்று பார்த்துவிட்டு வா என்றும் சொல்லியிருக்கிறேன்.