கருவிக்கு உரிய தர்மம்

ஆண்டுதோறும் புரட்டாசியிலோ ஐப்பசியிலோ வரும் மகாநவமி நாளில், உழவன் வீட்டுக் கலப்பை முதல் அச்சுக்கூடத்து இயந்திரம் வரை தமிழ்நாட்டின் கருவிகள் யாவும் கழுவித் துடைக்கப்பெற்று, சந்தனமும் குங்குமமும் பூண்டு, பொரியும் கடலையும் தம் முன் படைக்கப்பெற்று, ஓய்வு கொள்கின்றன. நீலகிரியில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில், சோலைக்காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் நடுவே அமைந்த அவலாஞ்சியைச் சுற்றியுள்ள எமரால்டு, இத்தலார், மஞ்சூர் முதலிய ஊர்களிலும் இந்த வழக்கம் வழுவாது நடைபெறுகிறது. ஜீப்புகளையும் தேயிலை ஏற்றும் லாரிகளையும் பழுது பார்க்கும் பட்டறைகளில் ஸ்பானருக்கும் ஜாக்கிக்கும் பக்கத்திலே, மூலையில் நிற்கும் கம்ப்ரசரின் காற்றுத் தொட்டிக்கும் ஒரு மாலை விழுகிறது. இந்த வழிபாட்டின் உட்பொருள் யாது? சைதன்யமற்ற ஓர் இரும்புப் பொருளுக்கு மனிதன் கடமைப்பட்டவன் ஆவானா? ஆவான் என்றால், அக்கடமை சந்தனப் பொட்டோடு நிறைவு பெறுகிறதா, அதற்கு அப்பாலும் செல்கிறதா? கேள்வி பெரியது, ஆயினும் அதை ஆராய்வதற்குச் சாஸ்திர மண்டபங்களுக்குப் போக வேண்டியதில்லை. அந்தக் கம்ப்ரசருக்கு எண்ணெய் தேர்ந்து, காலத்தில் மாற்றுவது என்னும் எளிய வேலையே அதற்குப் போதிய இடம் தருகிறது.

கருவியும் எண்ணெயும் பக்தியின் எல்லைக்கு வெளியே நிற்பவை என்று நம் முன்னோர் கருதவில்லை. திருநாவுக்கரசரைச் சிற்பிகள் வடிக்கும்போது அவர் கையில் ஏட்டுச் சுவடியைக் கொடாமல், கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் உழவாரத்தைக் கொடுத்தார்கள். திருவொற்றியூரில் வாழ்ந்த கலிய நாயனார் செக்குத் தொழிலில் பிறந்து, கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் வார்ப்பதையே வாழ்நாள் கைங்கரியமாகக் கொண்டு, பொருள் முழுவதும் அழிந்த பின் தம் குருதியையே அகலில் வார்க்கத் துணிந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. ஆனால் விளக்கு எண்ணெயின் தொண்டு எல்லாரும் காண ஒளியாக வெளிப்படுவது; இயந்திரத்து எண்ணெயின் தொண்டோ ஒருவர் கண்ணுக்கும் புலப்படாமல், இரும்புக் கூட்டின் இருளிலே நடந்து முடிவது. புகழுக்கு இடமில்லாத அத்தகைய தொண்டிலேதான் சிரத்தையின் உண்மை அளவு தெரிய வருகிறது.

சிறு பட்டறைக் கம்ப்ரசரில் எண்ணெயைச் செலுத்துவதற்குத் தனியாக ஒரு பம்பு இருப்பதில்லை. கிராங்க் கேஸின் அடியில் தேங்கி நிற்கும் எண்ணெயை, கனெக்டிங் ராடின் கீழ் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு துண்டு ஒவ்வொரு சுற்றிலும் அடித்துச் சிதறச் செய்ய, அந்தச் சிதறலைக் கொண்டே பேரிங்குகளும் பிஸ்டனும் சிலிண்டர்ச் சுவரும் உயிர் வாழ்கின்றன. எண்ணெய் குறைந்தால் அத்துண்டு அதைத் தொடாது; மிகுந்தால் ரிங்குகளைக் கடந்து காற்றோடு கலந்து தொட்டிக்குச் சென்று, பெயின்ட் அடிக்கும் தகட்டின்மீது புள்ளி புள்ளியாக விழுந்து வேலையைக் கெடுக்கும். அளவு பார்க்கும் கண்ணாடியில் இட்ட சிவப்புப் புள்ளியின் நடுவே எண்ணெய் நிற்பதுதான் அதற்கு உரிய நிலை. நாள்தோறும் வேலை தொடங்குமுன் அந்தப் புள்ளியைக் குனிந்து பார்ப்பதற்கு அரை நிமிஷம்கூட வேண்டுவதில்லை. அந்த அரை நிமிஷத்தை நாள் தவறாமல் கொடுப்பவனுக்கு நவமி ஒரு நாளில் மட்டும் வருவதன்று.

எந்த எண்ணெயை வார்ப்பது என்பதிலே விவேகம் தேவைப்படுகிறது. பட்டறையில் எப்போதும் கைக்கு எட்டுவது வண்டிக்கு ஊற்றி மிஞ்சிய என்ஜின் ஆயில்; அதையே கம்ப்ரசருக்கும் ஊற்றிவிடுவது எளிது. என்ஜின் ஆயில் தாழ்ந்த எண்ணெய் அன்று. எரிந்த கரியை அடியில் படிய விடாமல் தன்னுள் மிதக்க வைத்துக்கொண்டு, வழியிலுள்ள ஃபில்டரிடம் சேர்ப்பிக்கும் டிடர்ஜென்ட் என்னும் மருந்து அதில் கலந்திருக்கிறது. சிறு கம்ப்ரசரில் அந்த ஃபில்டர் இல்லாமையால், அழுக்கு மிதந்துகொண்டே இருந்து பேரிங்குகளைத் தேய்க்கிறது. காற்றிலிருந்து வரும் நீரும் பிரிந்து போகாமல் எண்ணெயோடு குழம்பிவிடுகிறது. மருந்திலுள்ள உலோகப் பொருள்கள், 150 பாகைக்கு மேல் கொதிக்கும் வால்வுத் தகடுகளில் சாம்பலாகப் படிகின்றன. ஆகையால் பெரும்பாலான சிறு கம்ப்ரசர்களுக்கு டிடர்ஜென்ட் இல்லாத கம்ப்ரசர் ஆயிலே, பொதுவாக ஐ.எஸ்.ஓ. 100 என்னும் தடிப்பில், விதிக்கப்படுகிறது. ஓரிடத்தில் குணமாக இருப்பதே மற்றோரிடத்தில் தோஷமாகிறது. தனக்குரிய இடத்தில் நிற்பதே சிறப்பு என்பதைக் கீதை ஸ்வதர்மத்தைப் பற்றிப் பேசும் பகுதியில் மனிதர்களை முன்னிட்டுச் சொன்னது. பொருள்களைக் கையாளும் போதும் அந்த நினைவு வேண்டும்.

இடமும் காலமும் அறிவதும் விவேகத்தின் பகுதியே. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் அவலாஞ்சிப் பகுதியில், சமவெளிக்கு ஏற்ற தடித்த எண்ணெய் விடியற்காலையில் இறுகி நிற்க, மோட்டார் திணறி நின்றுவிடுகிறது. தயாரிப்பாளர் கையேடு இடம் கொடுக்குமாயின், அங்கே 68 என்னும் மெல்லிய ரகமே தக்கது. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே ஆதலால், அதே தொட்டியை நிரப்ப இயந்திரம் நெடுநேரம் ஓட வேண்டியிருக்கிறது. எண்ணெயும் அதற்கேற்ப விரைவில் களைக்கிறது. ஈரமோ சொல்லி முடியாது. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதியோடு முடிந்த ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழையைக் கண்ட ஊர் இது. 15 பாகை வெப்பத்தில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர்க் காற்றில் சுமார் 13 கிராம் நீர் ஆவியாக இருக்கிறது. அக்காற்றை எட்டில் ஒரு பங்காக நெருக்கினால், அது ஆறும்போது அந்த நீரில் பெரும்பகுதி துளியாகி இறங்குகிறது. சூடேறுமுன் நிறுத்தி நிறுத்தி ஓட்டும் இயந்திரத்தில் அந்த ஈரம் கிராங்க் கேஸிலும் தங்கி, எண்ணெயைப் பால் கலந்தாற்போல் வெளுக்கச் செய்கிறது. அப்படி வெளுத்த எண்ணெய்க்கு மணிக்கணக்கு ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை. அன்றே அதை மாற்றிவிட வேண்டும்.

மற்றபடி, புதிய இயந்திரத்தில் முதல் 50 முதல் 100 மணி நேரத்துக்குள் ஒரு முறையும், பின்னர் 300 முதல் 500 மணி நேரத்துக்கு ஒரு முறையும், அவ்வளவு ஓடாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் மாற்றுவது பொதுவான வழக்கு. இயந்திரத்தைச் சற்று ஓட்டிச் சூடேற்றி, மின்சாரத்தைத் துண்டித்து, தொட்டியின் காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே டிரெயின் பிளக்கைத் திறக்க வேண்டும். சூட்டில் இளகிய எண்ணெய் அடியிலுள்ள கசட்டையும் வாரிக்கொண்டு வருகிறது. இன்னும் ஓடுகிறதே என்று பழைய எண்ணெயைப் பற்றிக்கொண்டிருப்பதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது, அது பற்று. கெட்டுப்போகும் வரை காத்திராமல், பயன் தந்துகொண்டிருக்கும் போதே ஒன்றை உரிய காலத்தில் விடுவதற்கு மனத்திலே ஒரு தெளிவு வேண்டும். தியாகம் என்ற பெரிய சொல்லின் சிறிய அப்பியாசங்களில் இதுவும் ஒன்று.

இவ்வளவும் கேட்ட ஒருவர், “இதில் தர்மம் எங்கே வந்தது? பிஸ்டன் தேயாமலிருக்கவும் பணம் மிச்சப்படவும் செய்கிற காரியம் சுயநலமே அல்லவா?” என்று வினவலாம். வினா நியாயமானது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நல்ல எண்ணெயைத் தேர்வதும், காலத்தில் மாற்றுவதும், தன் உடைமையைக் காக்க விரும்பும் எந்தப் புத்திசாலியும் செய்யக்கூடியவை. அது வரையில் விவேகம் உண்டே அன்றித் தர்மத்துக்குச் சோதனை ஏற்படவில்லை. சோதனை ஏற்படுவது, புதிய எண்ணெய் வார்த்து மூடியை முடுக்கிய பிறகு, தரையில் தகர டப்பாவில் நிற்கும் அந்தக் கறுத்த லிட்டர் எண்ணெயைப் பார்க்கும்போதுதான். அதனால் இனி இயந்திரத்துக்கும் பயனில்லை, உடையவனுக்கும் பயனில்லை. சுயநலம் தன் கணக்கை மூடிவிட்ட அந்த இடத்திலே தர்மத்தின் கணக்கு திறக்கிறது.

பட்டறைக்குப் பின்புறம் சரிவு. சரிவின் அடியில் ஓடை. அதில் கவிழ்த்துவிட்டால் கேட்பார் இல்லை. ஆனால் அந்தச் சரிவுகளின் நீர் எங்கே போகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கனடா நாட்டின் உதவியோடு 1950-களில் தொடங்கிய குந்தா மின் திட்டத்தில், அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களின் நீர் சுரங்கங்கள் வழியே இறங்கி, மின் நிலையம் மின் நிலையமாக உழைத்து, பில்லூர் அணையைச் சேர்கிறது. அங்கிருந்து கோயம்புத்தூர் மக்களின் குடிநீராகிறது. எஞ்சியது பவானியாகப் பெருகி, பவானிசாகரில் தங்கி, ஈரோட்டு வயல்களை நனைத்து, கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. அவலாஞ்சியிலேயே ஆங்கிலேயர் காலத்தில் ஏற்பட்ட டிரவுட் மீன் பொரிப்பகம், தெளிந்த குளிர்நீரை நம்பியே வாழ்கிறது. எண்ணெய்ப் படலம் மூடிய நீரில் பிராணவாயு கரைவது தடைப்படும். கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வார்த்த கம்ப்ரசர் மலையேறி வந்து நமக்கு உழைக்கிறது. அதன் கழிவை நாம் அவ்வூராரின் தண்ணீரில் இறக்கி அனுப்புவது எந்த நியாயத்தில் சேரும்? ஒன்றையொன்று போஷித்துச் சுழலும் யக்ஞச் சக்கரத்தைப் பற்றிக் கீதையின் மூன்றாம் அத்தியாயம் பேசுகிறது. அச்சக்கரத்தில் பெற்றுக்கொள்ளுவது மட்டும் நம் பங்கு என்று அது கூறவில்லை.

பதினெட்டாம் அத்தியாயம் இன்னும் நுட்பமாகச் செல்கிறது. பின்விளைவையும் நஷ்டத்தையும் பிறருக்கு நேரும் ஹிம்சையையும் எண்ணாமல் மயக்கத்தால் தொடங்கும் கர்மம் தாமஸம் என்றும், செய்ய வேண்டிய கடமையை மயக்கத்தால் கைவிடுவதும் தாமஸத் தியாகமே என்றும் அது வகுக்கிறது. ஓடையில் எண்ணெயைக் கொட்டுகிறவன் ஒரே செயலில் இவ்விரண்டையும் செய்கிறான். கண்ணுக்கு மறைந்ததும் அப்பொருள் இல்லாமற் போயிற்று என்று நம்புவதே அவனுடைய மயக்கம். எறிந்துவிடுவது தியாகம் அன்று; உரிய இடத்தில் ஒப்படைப்பதே தியாகம்.

ஒரு லிட்டரால் ஆறு கெட்டுவிடுமா என்று கேட்பவர் உண்டு. ஒருவனுடைய ஒரு லிட்டரைப் பற்றி மட்டும் பேசினால் அந்தக் கேள்விக்கு வலிமை உண்டு. மலை முழுவதும் பரந்த பட்டறைகளும், பஞ்சர் கடைகளும், தேயிலைத் தொழிற்சாலைகளும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு இதே சமாதானத்தைச் சொல்லிக்கொள்ளும்போது அது பொருளற்றுப் போகிறது. சிலர் பழைய எண்ணெயை வேலிக் கம்பங்களுக்கும் கதவுகளுக்கும் கரையான் வராமலிருக்கப் பூசுகிறார்கள்; மழை அதையும் கழுவி மண்ணுக்கே கொண்டுசெல்கிறது. அடுப்பில் எரித்தாலோ உலோகத் துகள்கள் புகையோடு காற்றில் ஏறுகின்றன. 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் பயன்படுத்திய எண்ணெயை அபாயகரமான கழிவாக வகுத்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே அதைச் சேர்ப்பிக்கச் சொல்லுகின்றன. சரியாகச் சுத்திகரித்தால் அதே எண்ணெய் மீண்டும் எண்ணெயாகிறது என்பது, சட்டத்தைக் காட்டிலும் நல்ல காரணம்.

கருவியின் உடம்பில் இடும் சந்தனத்தை நான் குறைவாகச் சொல்லவில்லை. நன்றி உணர்ச்சிக்கு ஒரு வடிவம் வேண்டும், அந்த வடிவத்தை நம் முன்னோர் அழகாக அமைத்துத் தந்தார்கள். ஆனால் கருவிக்கு நாம் பட்ட கடமை அதனோடு நிற்பதில்லை. அது கருவியின் வழியாக, நாம் ஒருநாளும் முகம் காணாத மனிதர்களிடம் போய்ச் சேருகிறது. ஆகவே பட்டறை வைத்திருக்கும் அன்பர்களை வேண்டிக்கொள்ளுகிறேன்: வரும் ஆயுத பூஜைக்கு முன்தினம் கம்ப்ரசரின் எண்ணெயை மாற்றுங்கள், இறக்கிய பழைய எண்ணெயை இறுக மூடும் கேன் ஒன்றில் தண்ணீரோ பெட்ரோலோ கலவாமல் சேர்த்து வையுங்கள், அக்கம்பக்கத்துப் பட்டறைகளோடு கூடிக் கேன்கள் நிறைந்ததும் அனுமதி பெற்றவரிடம் ஒப்படையுங்கள். அதன் பிறகு இயந்திரத்துக்கு மாலை சூட்டுங்கள். அந்த மாலை முழுப் பூஜையாகும்.