பாலாடை முதல் பல்லாங்குழி வரை

பிறந்த குழந்தைக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்பதற்குக் கடைக்காரரிடம் ஒரு பட்டியல் இருக்கும், பாட்டியிடம் ஒரு பட்டியல் இருக்கும். இரண்டையும் விடக் கறாரானது அரசாங்கங்கள் போட்ட பட்டியல். கஜானாவிலிருந்து காசு எடுத்து லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொடுப்பதென்றால் வேண்டாததைச் சேர்க்க முடியாதல்லவா? பின்லாந்து 1938-இல் ஏழைத் தாய்மார்களுக்குப் பிரசவ உதவிப் பொருட்கள் கொடுக்கத் தொடங்கி, 1949-இல் எல்லாத் தாய்மாருக்கும் என்று அதை விரித்தது. துணிமணி, போர்வை, சிறு மெத்தை எல்லாம் அடங்கிய ஓர் அட்டைப்பெட்டி அது. பொருளை எடுத்துவிட்டால் பெட்டியே குழந்தைக்குப் படுக்கை. தமிழ்நாட்டில் 2015-இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருட்கள் கொண்ட பெட்டகம் தரும் திட்டம் வந்தது. துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, ஒரு கிலுகிலுப்பை, தாய்க்குக் கைகழுவும் திரவம், சுண்டி லேகியம்.

இரண்டு பட்டியலிலும் கிலுகிலுப்பையைத் தவிரக் குழந்தைக்கென்று பெரிதாக ஒன்றுமில்லை. துண்டும் கொசுவலையும் நகவெட்டியும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரின் கைக்கு உதவுகிறவை. இதில் தவறு ஏதுமில்லை. முதல் சில மாதங்களில் வேலை முழுதும் பெரியவர்களுடையது, அதைக் குறைக்கிற எதுவும் நல்ல பொருள்தான். குழந்தை வளர வளர நிலைமை தலைகீழாகிறது. புரள்வது, பிடிப்பது, நிற்பது, பேசுவது என்று அதற்கும் வேலைகள் வந்துவிடுகின்றன. அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்ளும் பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் கெடுதல். இது யாருடைய வேலையைக் குறைக்கிறது என்று கேட்டுவிட்டால் கடையில் பாதிக் குழப்பம் தீரும். மீதிக் குழப்பம், பெரியவர்களின் வசதிக்கான சாமானைக் குழந்தையின் வளர்ச்சிக்கென்று சொல்லி விற்பதால் வருவது.

முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பால்மாவு, பால்புட்டி, இரண்டு வயதுக்குட்பட்டோர் உணவு ஆகியவற்றுக்கு விளம்பரமே செய்யக்கூடாது என்று இந்தியாவில் 1992-இல் சட்டம் போட்டு, 2003-இல் இறுக்கினார்கள். பால்மாவு டப்பாவில் கொழுகொழுக் குழந்தையின் படம் இல்லாததற்கு அதுவே காரணம்.

தாய்ப்பாலைக் கறந்து புகட்ட வேண்டியிருந்தால் புட்டியை விடப் பாலாடை மேல். மூக்கு நீண்ட சிறு கிண்ணம், சில வீடுகளில் சங்கு என்பார்கள். புட்டியில் ரப்பர் காம்பு, திருகு மூடி, கழுத்து வளைவு என்று பால் ஒட்டிக்கொள்ளும் மூலைகள் பல. பாலாடையில் ஒளிவு மறைவே இல்லை, தேய்த்துக் கழுவிக் கொதிநீரில் போட்டால் முடிந்தது. குறைமாதக் குழந்தைக்கு உறிஞ்சிக் குடிக்கும் தெம்பு வரும்வரை, நம் நாட்டு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் பாலாடையில் புகட்டுகிறார்கள். தலையை உயர்த்திப் பிடித்து, மூக்கை உதட்டோரம் வைத்து, குழந்தை விழுங்க விழுங்கச் சாய்க்க வேண்டும். படுக்க வைத்து மடக்கென்று ஊற்றினால் புரையேறும்.

துணிக்குப் பழைய வேட்டியே போதும். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடக்கூடாது என்ற வழக்கத்தின் காரணத்தை யார் எப்படிச் சொன்னாலும், பலமுறை வெளுத்த பருத்தியில் கஞ்சியோ சாயமோ மிச்சமிருக்காது என்பது உண்மை. தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வாங்குவார்கள். முதல் வருடம் தலையணையே வேண்டாம், மல்லாக்கப் படுத்து உறங்கக் கெட்டியான விரிப்புப் போதும். கண்ணுக்கு மையும் வேண்டாம், ஈயம் கலந்த மை உண்டு. பவுடர் மூச்சில் போகும். தேனை நாக்கில் தடவுவது ஒரு வயதுக்குள் கூடாது, அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குடலில் நஞ்சு சுரக்கும்.

தூளியைப் பற்றி மட்டும் நான் பாதி மனதோடு பேசுகிறேன். அம்மாவுக்கு அரை மணி ஓய்வு தரும் பொருள் அதைப்போல இன்னொன்று இல்லை. ஆனால் பிஞ்சுக் குழந்தையின் முகவாய் மார்பில் அழுந்தினால் மூச்சு முட்டும், பார்வையில் வைத்துத்தான் ஆட்ட வேண்டும். குழந்தை எழுந்ததும் சேலையைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள். தொங்கும் சேலையை ஊஞ்சலாக்கி முறுக்கி ஆடும் பெரிய பிள்ளைகளின் கழுத்து இறுகிய செய்திகள் நம் ஊர்ப் பத்திரிகைகளில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தையின் வயதைப் பருவங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் அந்த வயதில் குழந்தை செய்யும் ஒரு காரியமே அடையாளம். கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி அசைவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி, தளர்நடையாக வருவது வருகை. பொம்மை டப்பாவின் மேலுள்ள எண்ணை விட இது நல்ல கணக்கு. எட்டு மாதத்தில் எழுந்து நிற்கும் குழந்தையும் உண்டு, பதினான்கில் நிற்பதும் உண்டு. குழந்தை இப்போது எதை முயன்றுகொண்டிருக்கிறது என்று பார்த்து, அதற்குத் தோதானதை வாங்குவதே முறை.

டப்பா எண்ணை அலட்சியம் செய்யக்கூடாத இடம் ஒன்று உண்டு. ‘3 வயதுக்கு மேல்’ என்று போட்டிருந்தால், நம் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையாயிற்றே என்று இரண்டு வயதிலேயே வாங்குகிறோம். அந்த எண் பெரும்பாலும் மூளையைப் பற்றியதல்ல, தொண்டையைப் பற்றியது. அமெரிக்காவில் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதனுள் முழுதாக அடங்கும் துண்டு எதுவும் மூன்று வயதுக்குட்பட்டோர் பொம்மையில் இருக்கக்கூடாது. வீட்டில் சோதிக்க, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, அதில் நுழைவதையெல்லாம் ஒதுக்கிவிடலாம். முழு வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

இந்தியாவில் 2021 ஜனவரி முதல், 14 வயதுக்குட்பட்டோர் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. அதனால் அம்பாசமுத்திரத்து மரச்சொப்பில் முத்திரை இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். சாயம் ஈரத்துணியில் ஒட்டுகிறதா, சிறு மூடியும் கரண்டியும் வாயில் போகுமா என்று மட்டும் பாருங்கள். ஒளிரும், பாடும் பொம்மையென்றால் பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பொத்தான் வடிவ பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், வெளியே வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

வேலையைப் பிடுங்கும் பொருளுக்கு வாக்கரைப் போலத் தெளிவான உதாரணம் வேறில்லை. வட்டச் சட்டம், நடுவில் தொங்கும் இருக்கை, அடியில் சக்கரங்கள். குழந்தையை உட்கார வைத்தால் கால்விரலால் உந்தி வீடெல்லாம் ஓடும், அம்மா அடுப்பு வேலையைப் பார்க்கலாம். நடை சீக்கிரம் வரும் என்று சொல்லி விற்கிறார்கள், நடப்பதோ எதிர்மாறு. உடலின் பாரத்தை இருக்கை தாங்குகிறது. தட்டு மறைப்பதால் குழந்தைக்குத் தன் கால் தெரிவதில்லை. நிலைதடுமாறிச் சமாளிக்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை, விரல்நுனியில் உந்தும் பழக்கம்தான் மிச்சம். இதோடு ஆபத்தும் சேர்கிறது. ஒரு நொடியில் ஒரு மீட்டர் போய்விடக்கூடிய குழந்தையைப் படிக்கட்டிலிருந்தோ கொதிக்கும் பாத்திரத்திலிருந்தோ ஓடிப்போய்த் தடுக்க முடியாது. கனடா 2004-இல் வாக்கர் விற்பனையையே தடை செய்தது. நம் ஊரில் பிறந்தநாள் பரிசாக இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கொடுத்தவர் மனம் நோகுமே என்று பயன்படுத்துகிறவர்களும் உண்டு. பரணில் போட்டுவிட்டால் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை.

நம் நடைவண்டிக்கும் சக்கரம் உண்டு, மூன்று. ஆனால் இருக்கை இல்லை. பிடித்து எழ வேண்டியதும் நிற்க வேண்டியதும் தள்ள வேண்டியதும் குழந்தைதான். வண்டி தருவது ஒரு கைப்பிடி மட்டும். விழுந்தால் தன் உயரத்துக்குத்தான் விழும், எழுந்து மறுபடி பிடிக்கும். மண்தரைக்கும் சிமெண்ட் தரைக்கும் ஏற்ற வண்டி அது. வழவழப்பான டைல்ஸில் வண்டி முந்திக்கொண்டு ஓடும், ஆகவே முதலில் முன்பக்கத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றிலிருந்து மூன்று வயது வரை குழந்தையின் பெரிய வேலை பேச்சு. அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்திலிருந்து 2016-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோருமாக 26 இணைகள். பேசும் மின்னணுப் பொம்மைகள், சாதாரணப் பொம்மைகள், புத்தகங்கள் என்று மூன்று வகையும் கொடுத்து, வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்று பதிவு செய்தார்கள். பொம்மை பேசியபோது பெற்றோர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், குழந்தையும் புத்தகத்தின்போது எழுப்பியதை விடக் குறைவாகவே குரல் எழுப்பியது. பொம்மை பேசினால் நாம் ஏன் பேச வேண்டும் என்ற இயல்பான சோம்பல்தான். செல்போனுக்கும் இதே கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னபடி இரண்டு வயதுக்குள் திரை அறவே கூடாது, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. சோறு ஊட்டும்போது மட்டும் என்று தொடங்கும் வீடுகளில், திரை இல்லாமல் வாய் திறக்காத நிலை எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பது ஊட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

இந்த வயதுக்குப் புத்தகம் என்றால் கடித்தாலும் கிழியாத கெட்டி அட்டைப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி போதும். சென்னையில் 1996-இல் தொடங்கிய தூளிகா பதிப்பகம் தமிழில் படப் புத்தகங்கள் போடுகிறது. பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, பெரியவர் படித்துவிட்டு வாயால் சொல்லலாம். ஒரே புத்தகத்தைப் பதினைந்தாவது தடவை கொண்டுவந்து மடியில் வைத்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது அந்த வயதுக்கு ஒரு சாதனை.

மூன்று வயதானதும் மாண்டிசோரி என்ற பெயர் போட்ட மரச்சாமான்கள் கண்ணில் படத் தொடங்கும். மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னைக்கு வந்து அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது, கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். அவருடைய சாதனங்களில் ஒன்று, பத்துக் குழிகளும் அவற்றில் பொருந்தும் பத்து உருளைகளும் கொண்ட மரக்கட்டை. உருளையின் குமிழை மூன்று விரலால் பிடித்துத் தூக்க வேண்டும், பின்னால் பென்சில் பிடிக்கப்போவதும் அதே விரல்களே. ஓர் உருளையைத் தவறான குழியில் போட்டால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் நிற்கும். தப்பு என்று சொல்ல டீச்சர் தேவையில்லை, தப்பைக் கண்டுபிடிக்கும் வேலையும் குழந்தைக்கே. அந்தக் கட்டையை விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் அடுக்களை எவர்சில்வர் டப்பாக்களைத் தரையில் பரப்பி மூடிகளைத் தனியே கொடுத்துப் பாருங்கள்.

எழுத்துக்கும் அவசரம் வேண்டாம். விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுதவைக்கிறோமே, அதை ஒரு நாள் சடங்காக விட்டுவிடாமல் தாம்பாளத்தில் மணலோ ரவையோ பரப்பித் தொடர்ந்தால் நல்ல பயிற்சி. மாண்டிசோரி உப்புத்தாளில் எழுத்து வெட்டித் தடவிப் பார்க்கச் செய்ததும் இதே நோக்கத்துக்குத்தான். சுவரில் ஒட்டும் 247 எழுத்து அட்டவணை, என் கணக்கில், வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கானது. குழந்தை பிடித்துக்கொள்ள வேண்டியது 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், கால் கொம்பு சுழி முதலிய குறிகள். இவற்றைத் தனித்தனி அட்டைகளாக வெட்டிக் கொடுத்தால் மிச்சம் 216-ஐ அதுவே சேர்த்துக்கொள்ளும்.

ஆறு வயதுக்கு மேல் கதையே வேறு. ‘துளிர்’ போன்ற அறிவியல் இதழ், தீக்குச்சியும் சைக்கிள் டியூபும் கொண்டு வடிவங்கள் செய்யச் சொல்லித்தரும் அரவிந்த் குப்தாவின் புத்தகங்கள், தாயம், ஆடுபுலி. நூலகத்தில் குழந்தைகள் பிரிவுக்கு அழைத்துப்போய்த் தேர்ந்தெடுக்க விட்டுவிடலாம், கோட்டூர்புரத்து அண்ணா நூலகத்திலும் மதுரை கலைஞர் நூலகத்திலும் அதற்கென்றே தனி இடம் உண்டு. சுமாரான புத்தகத்தை எடுத்தால் எடுக்கட்டும், தேர்ந்தெடுப்பதும் அவர்கள் வேலையாகிவிட்டது.

கணக்குக்கு ஒரே ஒரு சாமான் வாங்குவதென்றால் நான் பல்லாங்குழி என்பேன். எண்ணுவது, பகிர்வது, எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டி யோசிப்பது எல்லாம் அதில் உண்டு. புளியங்கொட்டையோ சோழியோ போட்டு ஆடுங்கள். குன்றிமணி பார்க்க அழகு, ஆனால் மென்று விழுங்கினால் கொடிய விஷம். அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு வயதிலும் எட்டு வயதிலுமாகப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் புளியங்கொட்டையும் ஆபத்துதான். பெரியதன் பாடச்சாமானாகிய மணி, காந்தம், பேட்டரி எல்லாமே சின்னதன் தொண்டைக்கு அளவெடுத்தது போலிருக்கும். பெரியதற்கு மேல் தட்டு, சின்னதற்குத் தரை என்று இடம் பிரித்து, ஆட்டம் மேஜைமேல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்ததும் முத்துகளை எண்ணிப் பையில் போடும் பொறுப்பைப் பெரிய பிள்ளைக்கே கொடுங்கள். 14 குழிக்கு ஐந்தைந்தாக 70 இருக்க வேண்டும். 69 இருந்தால் பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.