இயல்பும் தொழிலும்

ஒருவர் தம் இயல்புக்கு ஏற்ற தொழிலை மேற்கொள்ள வேண்டும் என்னும் கருத்தை மறுப்போர் அரியர். அவ்வியல்பை அறுதியிடுபவர் யார் என்னும் வினா எழும்போதே சிக்கல் தொடங்குகிறது.

திருக்குறளில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரங்கள் (51, 52) அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆளை ஆராய்ந்து தேர்தலும், அவன் ஆற்றலுக்கேற்ற வினையை அவனிடம் ஒப்படைத்தலும் அவற்றின் பொருள். நற்குடிப் பிறப்பு ஆங்கு ஒரு தகுதியாகக் கூறப்படினும், குணமும் குற்றமும் நாடுதலே வற்புறுத்தப்படுகிறது. ஆராய்பவன் அரசன், தனக்குரிய வினையைத் தானே தேடும் மனிதன் அங்கு இல்லை. அரசியல் கூறும் பகுதியில் அதனை எதிர்பார்த்தலும் பொருந்தாது. எனினும், எவ்வளவு ஆராய்ந்து தெளிந்தாலும் வினையில் அமர்த்தியபின் வேறுபடுவோர் பலர் என்னும் எச்சரிக்கை ஆங்குண்டு. அரசனுக்குக் கூறப்பட்ட இதனை வினைசெய்வோன் பக்கம் நின்று நோக்கின், செய்து பார்க்குமுன் ஒருவரின் இயல்பு முழுதும் புலப்படாது என்பது பெறப்படும்.

பகவத்கீதையின் 18ஆம் அத்தியாயமும் நால்வருணத்தார் கடமைகளை இயல்பின் வழியே வகுக்கிறது. ஆயின் நடைமுறையில் இயல்பு என்பது பிறப்பாயிற்று. சாதி என்பது வேலைப்பிரிவினை மட்டுமன்று, வேலையாட்களின் பிரிவினையுமாகும் என்று அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் வாதிட்டார். தனிமனிதனின் திறனும் விருப்பமும் அப்பிரிவினையில் இடம்பெறவில்லை என்பதே அவர்தம் குற்றச்சாட்டு.

சென்னை மாகாணத்தில் 1953இல் இராஜாஜி அரசு கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம் ஈண்டு நினைக்கத்தக்கது. சிற்றூர்ப் பள்ளிகளில் வகுப்பு நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பயில வேண்டும் என்பது ஏற்பாடு. கைத்தொழிலுக்கு மதிப்பளித்தல் தவறன்று. ஆயின் குயவர் மகன் கணக்கில் வல்லவனா என்பதை அறிவதற்குரிய பொழுதே குறைக்கப்பட்டது. 'குலக்கல்வி' என்று எதிர்ப்பாளர் இட்ட பெயர் மிகையன்று. காமராசர் முதல்வரானபின் 1954இல் அது கைவிடப்பட்டது.

கையால் மலம் அள்ளும் பணியில் ஆட்களை அமர்த்துவதை 1993, 2013 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் தடை செய்தன. அதன் பின்னரும் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கி உயிர் இழப்போருள் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக அப்பணி சுமத்தப்பட்ட சாதியினரே. அவர்களது இயல்பு யாது என ஆராய்ந்து எவரும் அவர்களை அவ்வினையில் அமர்த்தவில்லை.