பாடாத பெட்டி

எட்டு அங்குல வூஃபர் ஒன்றைப் பெட்டி எதுவுமில்லாமல் மேசைமேல் நிறுத்திவைத்து, இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டு ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள். பாடகரின் குரல் வரும், வயலின்கள் வரும். பேஸ் கிட்டார் மட்டும் எங்கோ தொலைவில் முனகும். காகிதக் கூம்போ கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முன்னும் பின்னும் குதித்துக்கொண்டிருக்கும். இப்போது அகலமான கெட்டி அட்டை ஒன்றில் கூம்பின் அளவுக்கு வட்டமாகத் துளை வெட்டி, ஸ்பீக்கரை அந்தத் துளையில் ஒட்டினாற்போல் பிடியுங்கள். பேஸ் கிட்டார் வந்து உட்கார்ந்துவிடும். ஆம்ப்ளிஃபையரில் எதையும் திருகவில்லை. நடுவில் சேர்ந்தது ஓர் அட்டை, அவ்வளவுதான்.

கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னால் காற்றை இழுக்கிறது. இரண்டு அலைகளுக்கும் ஒரே பலம், ஆனால் நேரெதிர்த் திசை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். ஒரு சாண் அகலக் கூம்பின் விளிம்பைச் சுற்றி வருவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. முன்னலையும் பின்னலையும் அங்கேயே சந்தித்து ஒன்றையொன்று தீர்த்துவிடுகின்றன. 5,000 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 7 சென்டிமீட்டர்தான். அது வளையாமல் நேரே நம்மிடம் வந்துவிடுகிறது. அதனால் கீச்சுக்குரல்கள் பிழைத்துக்கொள்ள, ஆழமான ஒலி தன் முதுகாலேயே அழிகிறது. வீட்டில் ஸ்பீக்கர் பெட்டி செய்ய உட்காரும் எவரும் முதலில் மனத்தில் வாங்க வேண்டியது இதைத்தான். பெட்டி ஒலியைக் கூட்டுவதற்காக வந்ததல்ல, பிரித்து வைப்பதற்காக வந்தது.

1925இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெலாக்கும் இன்றைய ஸ்பீக்கரின் மூல வடிவத்தை உலகுக்குச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஏறக்குறைய இந்த முதுகைப் பற்றிய யோசனைதான். எட்கர் வில்ச்சூர் பின்னலையைச் சின்னப் பெட்டிக்குள் காற்றுப் புகாமல் அடைத்து, சிறைப்பட்ட காற்றையே கூம்புக்கு ஸ்பிரிங்காக மாற்றினார். அந்த யோசனையை வைத்து 1954இல் அவரும் ஹென்றி க்ளாஸும் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

அதற்கு முன்பே பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் தூராஸ் வேறு வழி கண்டிருந்தார். 1932இல் அவருக்குக் கிடைத்த காப்புரிமை, பெட்டியில் ஒரு துளை போடச் சொன்னது. எனக்கு மனத்துக்கு நெருக்கமானது இதுதான். 28, 35, 41 சென்டிமீட்டர் உள்ளளவில் ஒரு பெட்டி என்றால் 40 லிட்டர். அதில் 7.5 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள பிவிசி பைப்பை 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கிப் பொருத்தினால், பைப்பிலுள்ள காற்றும் பெட்டிக்குள்ளிருக்கும் காற்றும் சேர்ந்து 40 ஹெர்ட்ஸில் ஊஞ்சலாடும். நீளத்தை 10 ஆகக் குறைத்தால் அது 46ஐத் தொடும். அந்தச் சுருதியை ஒட்டி, பின்னலை உள்ளேயே திசை திரும்பி, முன்னலையோடு கைகோத்து வெளியே வருகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள்: அதுவரை துள்ளிய கூம்பு கிட்டத்தட்ட நின்றுபோயிருக்கும், பைப்பின் வாயில் உள்ளங்கையை வைத்தால் காற்று அடிக்கும். அழித்துக்கொண்டிருந்த அதே அலை இப்போது பாட்டைச் சுமக்கிறது. தற்செயலாகக் கைகூடிவந்த இந்த அளவுகளைக் கணக்காக ஆக்கித் தந்தவர் 1961இல் கட்டுரை எழுதிய ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல். பின்னால் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். இன்று ஒரு நல்ல வூஃபரோடு வரும் விவரத்தாளில் இருப்பவை அவர்கள் பெயரிலான எண்கள்தான்.

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். மரவேலையில்தான் பெட்டியின் குணம் தெரிகிறது. வீணை செய்பவர் பலாமரத்தைக் குடைந்து குடத்தைத் தட்டிப் பார்ப்பார். அது கணீரென்று பேச வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியைத் தட்டினால் சுவரைத் தட்டியதுபோல் ‘தொக்’ என்று செத்த சத்தம் வர வேண்டும். நல்ல மரத்தைக் காதால் தேர்ந்தெடுத்துப் பழகிய தச்சருக்கு இது தலைகீழ்ப் பாடம். பலகை 200 ஹெர்ட்ஸில் அதிரும் என்றால், யார் பாடினாலும் எந்த ராகமானாலும் அந்த 200 ஹெர்ட்ஸ் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். நம் ஊர்களில் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரை வைத்துப் பாட்டுக் கேட்டவர்கள் பலர். முன்னையும் பின்னையும் பிரிக்கும் வேலையைப் பானை செவ்வனே செய்தது. அந்த அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் சுட்ட மண் தானே பாடும் பொருள். கடம் வாசிப்பவருக்கு வரமான அந்தக் குணம், அடுத்தவர் பாட்டின்மேல் தன் நிறத்தைப் பூசிவிடும்.

ஆகவேதான் 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை. ஆகவேதான் நடுவில் குறுக்குக் கட்டை, மூட்டு முழுக்க ஃபெவிகால், ஸ்பீக்கரின் விளிம்புக்கடியில் ரப்பர் வாஷர், உட்சுவரில் பஞ்சு. பெரும்பாடுபட்டுச் செய்யும் இந்த வேலை அத்தனையும் கடைசிப் பலகையை ஒட்டியதும் யார் கண்ணிலும் படாது. வெளியே ஏற்றுகிற பாலிஷை எல்லோரும் பார்ப்பார்கள்; பாட்டு நன்றாக இருப்பது உள்ளே இருக்கிற குறுக்குக் கட்டையால்.

கடைகளில் கிடைக்கும் மலிவான பெட்டிகள் பல இதற்கு நேர்மாறாகச் செய்யப்படுகின்றன. மெல்லிய பலகையும் உரக்க முழங்கும் துளையும் சேர்ந்து எல்லாப் பாட்டிலும் ஒரே ‘டம்’மைப் போடுகின்றன. வாங்குபவருக்கு அது பலமாகத் தோன்றுகிறது. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அங்கே ஒலிப்பது பெட்டிதான். வாசித்த மனிதர் இல்லை. துக்கம் சொல்ல வந்தவரிடம் தன் துக்கத்தைப் பேச ஆரம்பித்துவிடுபவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அன்பில்லாதவர்கள் அல்லர்; அவர்களுடைய பலகை சீக்கிரம் அதிர்கிறது. இன்னொருவரின் குரல் முழுதாக வந்து சேர, நடுவில் ஒருவர் தன் குரலை விட்டிருக்க வேண்டும். அது வெறுமனே பேசாதிருப்பதும் அல்ல. பெட்டி உள்ளே ஓயாமல் அழுத்தத்தைத் தாங்குகிறது, திரும்பி அடிக்கும் அலையை வாங்கிக்கொள்கிறது, முடிந்தால் அதற்கும் ஒரு வழிவிட்டு அனுப்புகிறது. இவ்வளவையும் செய்தபடி அதிராமல் இருக்கிறது.

அப்படி ஒரு பெட்டி அமைந்துவிட்டால் கச்சேரிப் பதிவுகளை எடுத்துப் போடுங்கள். மிருதங்கத்தின் தொப்பியில் அப்பிய ரவை, நேரம் ஆக ஆகக் காயும். காயக் காயத் தொப்பியின் சுருதி இம்மி இம்மியாக மேலேறும். முழங்குகிற பெட்டியில் தொப்பி எப்போதும் ஒரே சுருதியில்தான் கேட்கும். இந்தப் பெட்டியில் அந்த ஏற்றம் கேட்கிறது. இரண்டு உருப்படிகளுக்கு இடையில் வித்வான் ரவையில் தண்ணீர் தொட்டுவிட்டார் என்பதும், அடுத்த பாட்டின் முதல் அடியிலேயே தெரிந்துவிடுகிறது.