பந்தி வேண்டாம், பார்சல் போதும்

2021 ஒக்ரோபர் 1 அதிகாலை நான்கு மணிக்கு இலங்கையில் கொரோனாவுக்கான தனிமைப்படுத்தல் ஊரடங்கு நீங்கியது. ஆட்களை மட்டுப்படுத்தி உள்ளே இருத்திச் சாப்பாடு போட உணவகங்களுக்கு அனுமதியும் கிடைத்தது. அடைபட்டுக் கிடந்த பிள்ளைகள் கொத்துரொட்டிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நச்சரித்தார்கள். பரந்தன் சந்தியிலோ கிளிநொச்சி நகரிலோ குடும்பமாக ஒரு மேசையைச் சுற்றி இருந்து சாப்பிடலாமா என்பதுதான் அப்போது வீட்டுக்கு வீடு நடந்த பேச்சு.

அப்போதைக்குக் கூடாது என்பதே என் பதில். சட்டம் விட்டதெல்லாம் அறம் விட்டதாகிவிடாது. அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்கும் சட்டம் விட்டுத்தான் இருந்தது. கடைவீதிகள் நிரம்பின, உறவுகள் கூடின. அதன் பின் வந்த தொற்றலைக்குப் ‘புத்தாண்டுக் கொத்தணி’ என்று பெயர் வைத்தார்கள். ஏப்ரல் நடுவில் ஏறத்தாழ 600 ஆக இருந்த கொரோனா மரணங்கள் ஒக்ரோபர் தொடக்கத்தில் 12,000-ஐத் தாண்டி நின்றன. ஓகஸ்டில் ஒரே நாளில் 200-க்கு மேற்பட்ட மரணங்கள் அறிவிக்கப்பட்டதையும் பார்த்தோம். ஆறு மாதத்துக்குள் அதை மறந்துவிட முடியுமா?

“எங்கட உயிர், எங்கட விருப்பம்” என்பார்கள். தன் உயிரோடு மட்டும் முடிகிற விஷயமானால் அந்த வாதத்துக்கு மறுபேச்சில்லை. ஆனால் இது அப்படி முடிவதில்லை. 2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள், சீனாவின் குவாங்சோ நகரில் மூன்று குடும்பங்கள் ஓர் உணவகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் மதியச் சாப்பாட்டுக்கு இருந்தன. அவற்றில் ஒன்று முதல் நாள்தான், நோய் பரவிக்கொண்டிருந்த வூஹானிலிருந்து வந்தது. யன்னலில்லாத தளம், மேசைகளுக்கிடையே ஒரு மீற்றர் அளவு இடைவெளி. ஏசி அதே காற்றை மூன்று மேசைக்கும் சுழற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர் ஒன்றாக இருந்தது ஒரு மணித்தியாலமளவுதான். இரண்டு வாரத்துக்குள் மூன்று குடும்பங்களிலுமாகப் பத்துப் பேருக்குத் தொற்று.

நம் ஊர்க் கடைகளில் குடும்பமாக வருவோருக்குக் கொடுக்கும் மரியாதை என்ன? திரை தொங்கும், கதவு சாத்தும், ஏசி ஓடும் ‘குடும்ப அறை’. மனைவி மக்களோடு வந்தவரை வாசல் வாங்கில் இருத்துவது குறைவு என்று நினைத்து உள்ளே அனுப்புகிறார்கள். இந்த நோய்க்கு அந்த அறையை விட வாய்ப்பான இடம் வேறில்லை. முகக்கவசம் போட்டபடி சாப்பிடவும் முடியாது. சாப்பிட்டு வந்தவர் ஊசி போட்டவராக இருக்கலாம். வீட்டில் சலரோகத்தோடு படுத்திருக்கும் அம்மம்மாவும் அப்போது இன்னும் ஊசி கிடைக்காத பள்ளிக்கூடப் பிள்ளையும் அந்த விருந்துக்குச் சம்மதம் கொடுக்கவில்லையே.

விருந்தாளி வெளியே நிற்க, சாவை விலக்கும் மருந்தானாலும் தனியே உண்ணுவது தகாது என்று விருந்தோம்பல் அதிகாரத்தில் வள்ளுவர் விதித்தார். உண்ணும் நேரத்திலும் வெளியே நிற்பவரை மறவாதே என்பதுதான் அதன் உயிர். இன்னாசெய்யாமையில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறார்: உனக்குத் துன்பம் என்று நீ அறிந்ததைப் பிறருக்குச் செய்யாதே. அறியாமல் செய்தவனுக்காவது மன்னிப்புண்டு. அதற்குள் ஒன்றரை வருடமாக இந்த நோயைக் கண்டிருந்தவர் எவரும் அறியாதவர் அல்லர். மணிமேகலை கையிலிருந்த அமுதசுரபியும் பசித்தவருக்காகவே சுரந்தது. பசி வேறு, நாக்கின் ஆசை வேறு.

இந்த வேறுபாட்டை எங்கள் வன்னி மண்ணுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2009-இல், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் ஒரு கோப்பை கஞ்சிக்காக ஷெல்லடிக்குள்ளும் சனம் வரிசையில் நின்றது. உயிராபத்தென்று தெரிந்தே நின்றார்கள், பிள்ளையின் வயிறு காய்ந்ததால். கட்டாயத்துக்கு உயிரைப் பணயம் வைத்த மக்கள், கட்டாயமில்லாத ஒரு மாலைப்பொழுதுக்காக அடுத்தவரின் உயிரைப் பணயம் வைக்கலாமா?

கடைக்காரரின் பிழைப்பும் பெரிதுதான். கடன் எடுத்துக் கடை போட்டவரின் வயிற்றில் அடிக்க யாருக்கும் உரிமையில்லை. அதற்குத்தான் பார்சல் இருக்கிறது. அதே புட்டை, அதே இறைச்சிக்கறியை முழு விலை கொடுத்து வாங்கி வந்து, முற்றத்து வேப்பமரத்தடியில் பாய் விரித்துப் பகிர்ந்தால் பிள்ளைகளுக்கும் குறை வராது. உண்ணும்போது பிறருக்கும் ஒரு கைப்பிடி என்று திருமூலர் சொன்னதை, கணக்குப் பார்க்காமல் மிச்சக் காசை விட்டுவருவதில் நிறைவேற்றலாம்.

கடையில் இருப்பவர் முதலாளி மட்டுமல்லர்: எல்லா மேசைக்கும் போய்வருகிறவன் மேசை துடைக்கும் பொடியன். பேசிச் சிரித்துச் சாப்பிடுபவர்களின் எச்சில் கோப்பையை எடுப்பவனும் அவனே. அவனுக்குத் தொற்று வந்து நாட்கணக்கில் வீட்டில் அடைபட்டால் அந்த நாட்சம்பளத்தை முதலாளி கொடுப்பாரா என்று பார்சல் எடுக்கும்போது கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்கிற கடையில் பார்சலும் எடுக்க வேண்டியதில்லை.