பொய் எங்கே இருக்கிறது?

பொய்யைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் ஒன்று உண்டென்று பத்திரிகைகளில் படிக்கிறோம். பொய் சொல்லுகிறவனை அது காட்டிக்கொடுத்துவிடுமாம். அப்படியானால் மனிதனுடைய உள்ளத்தைச் சர்வேசுரன் ஒருவரே அறிவார் என்று ஞான உபதேசத்தில் படித்தது என்னாவது? இதைச் சற்று நிதானமாய் ஆராய்ந்து பார்ப்போம்.

அந்த இயந்திரம் செய்வது என்ன? மார்பைச் சுற்றிக் கட்டிய குழாய் மூச்சின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்கிறது. புயத்தில் சுற்றிய பட்டை இரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் காட்டுகிறது. விரல்களில் பொருத்திய தகடுகளின் வழியாக, உணர முடியாத அளவுக்குச் சிறிய மின்சாரம் பாய்கிறது; விரல் வியர்த்தால் அது இன்னும் எளிதாய்ப் பாயும். இவையெல்லாம் வளைந்த கோடுகளாய்ப் பதிவாகின்றன. சாதாரணக் கேள்விகளின் நடுவே குற்றத்தைப் பற்றிய கேள்வியும் வரும். எந்தக் கேள்விக்குக் கோடு துள்ளியது என்று பார்த்து, பரிசோதகர் தம் முடிவைச் சொல்லுகிறார். 1921-ம் ஆண்டில் அமெரிக்காவில் பெர்க்லி நகரப் போலீசைச் சேர்ந்த ஜான் லார்சன் என்பவர் இத்தகைய கருவியை அமைத்தார்.

இதில் பொய் எங்கே பதிவாகிறது? எங்கும் இல்லை. பதிவாவது உள்ளக் கலக்கமே. கலக்கம் பொய்யனுக்கும் வரும்; அநியாயமாய்க் குற்றஞ்சாட்டப்பட்ட நீதிமானுக்கும் வரும். பொய்யில் ஊறியவனுக்கோ வராமலும் போகும். அமெரிக்க உளவு அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், தன் நாட்டு இரகசியங்களைச் சோவியத் ரஷ்யாவுக்கு விற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே, 1986-லும் 1991-லும் இந்தச் சோதனையில் தேறினான். 1994-ல்தான் பிடிபட்டான்.

அர்ச். அகுஸ்தீன் பொய்யைப் பற்றித் தெளிவாய்ப் போதித்திருக்கிறார். வார்த்தை தவறாயிருப்பதால் மட்டும் அது பொய்யாகாது. ஏமாற்ற நினைக்கும் மனதே பொய்யை உண்டாக்குகிறது. தகப்பனார் கடையில் இருப்பதாக நம்பி அப்படியே சொல்லும் சிறுவன், அவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டிருந்தாலும், பொய்யன் அல்ல. பொய் சித்தத்தின் செயல். சித்தத்துக்கு நாடியுமில்லை, வியர்வையுமில்லை.

வேதாகமத்தில் சூசன்னாவை நினைத்துப் பாருங்கள். குற்றமற்ற அவள் அழுதாள். முதியோர் இருவரும் எழுந்து நின்று பொய்ச்சாட்சி சொன்னார்கள். முதியோரும் நியாயாதிபதிகளுமான அவர்களை நம்பிச் சபையார் அவளுக்கு மரணத் தீர்ப்பிட்டார்கள். தானியேலோ அவ்விருவரையும் தனித்தனியே அழைத்து, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று விசாரித்தார். ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி அகப்பட்டுக்கொண்டார்கள். குற்றவாளி தப்பலாமா என்று கேட்போருக்கு இதுவே பதில். சாட்சிகளை ஒழுங்காய் விசாரிப்பது அதிகாரிகளின் கடமை.

பலவந்தமாய் உள்ளத்தைத் திறப்பதைத் திருச்சபை ஒப்புக்கொள்வதில்லை. அடித்து வதைத்து வாக்குமூலம் வாங்குவதை அர்ச். முதலாம் நிக்கொலாஸ் பாப்பரசர் 866-ம் ஆண்டிலேயே பல்காரியருக்கு எழுதிய நிருபத்தில் கண்டித்தார். 12-ம் பத்திநாதர் பாப்பரசர் 1958-ம் ஆண்டில் மனோதத்துவ நிபுணர்களுக்குப் பேசுகையில், மனிதனுடைய உள்ளத்து இரகசியங்கள் அவனுக்கே சொந்தம் என்று போதித்தார். நமது நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டும் 2010-ல், ஒருவனுடைய சம்மதமின்றி இச்சோதனையை அவன்மேல் நடத்தலாகாது என்று தீர்ப்பளித்தது.

நம் வீட்டில் இயந்திரம் இல்லை. ஆனால் அதன் வேலையை நாமே செய்துவருகிறோம். பெட்டியிலிருந்த பணம் காணாமற்போகிறது. வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்கிறோம். அவள் திக்குகிறாள், கை நடுங்குகிறது. "முகமே சொல்லுகிறதே!" என்று தீர்த்துவிடுகிறோம். ஏழைக்கு வேலை போய்விடுமோ என்ற பயத்தினாலும் கை நடுங்கும் அல்லவா? போதிய காரணமின்றிப் பிறனைக் குற்றவாளியென்று தீர்ப்பது எட்டாம் கற்பனைக்கு விரோதம். அதை வெளியில் சொல்லி அவள் பேரைக் கெடுத்தால், பரிகாரம் செய்யும் கடமையும் நம்மேல் விழும். பிள்ளைகள் விஷயமும் இப்படியே. அடிக்குப் பயந்து, செய்யாததைச் செய்தேன் என்று சொல்லும் பிள்ளை அன்றைக்குப் பொய்யைக் கற்றுக்கொள்கிறது.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நம்மை யாரும் பலவந்தம் செய்வதில்லை. நாமே மனமுவந்து நம்மைக் குற்றஞ்சாட்டுகிறோம், நம்பி ஏற்றுக்கொள்ளப்படுகிறோம். உண்மை பிறப்பது அப்படிப்பட்ட இடத்தில்தான். பெற்றோரே, உங்கள் பிள்ளைகளும் வேலையாட்களும் பயமின்றி உண்மை பேசத்தக்கதாய் உங்கள் வீடு இருக்கிறதா என்று, இவ்வாரம் உங்கள் ஆத்தும சோதனையில் கேட்டுப் பாருங்கள்.