எதிர் வக்கீலுக்குக் கூலி

பத்மநாபபுரம் கோட்டைக்குள் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். பிராவிடண்டு பணத்தில் ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்கியிருந்தார். டைரக்டர்கள் கம்பெனிப் பணத்தைத் தங்கள் உறவினரின் தொழில்களுக்குத் திருப்பிவிட்டார்கள் என்று நூற்றுச் சொச்சம் பங்குதாரர்கள் சென்னையிலுள்ள கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டபோது, இவரும் கையெழுத்திட்டார். ஒருநாள் சாயங்காலம் அரண்மனை வாசலில் என்னை நிறுத்தினார்.

"வே, எனக்க வக்கீலுக்கு நான் துட்டு குடுக்கேன். சரி. எதிர் வக்கீலுக்கு ஆரு குடுக்கா? கம்பெனி. அந்தக் கம்பெனியிலே எனக்கும் பங்கு உண்டும் இல்லியா?"

"உண்டும் அண்ணாச்சி" என்று சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பு வரவில்லை.

வரப்புத் தகராறில் தோற்றவன் செலவு கொடுக்கட்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருவரும் தத்தம் மடியைத்தான் அவிழ்க்கிறார்கள். கம்பெனி வழக்கில் அப்படியில்லை. குற்றம் சாட்டப்பட்டவரே செக்கில் கையெழுத்திடுகிறார். பணம் குற்றம் சாட்டியவருடையதும்கூட. இப்படிப்பட்ட மடி இருந்தால் நானும் வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்குவேன்.

2009 ஜனவரியில் சத்யம் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு தம் பொய்க் கணக்கை ஒப்புக்கொண்டார். அமெரிக்காவில் பங்குப் பத்திரம் வாங்கியவர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2011-ல் 12.5 கோடி டாலருக்குச் சமரசமாயிற்று. அங்கே இத்தகைய வழக்குகளில் வக்கீல் கூலி கிடைத்த தொகையிலிருந்தே கழியும். ஏழையும் துணிந்து படியேறலாம். ஆனால் அந்த டாலர்களைக் கொடுத்தது கம்பெனி. அதாவது, ஏமாந்துபோய்ப் பங்கை இன்னும் வைத்திருந்த இந்தியனும் அதில் தன் பாகத்தைக் கொடுத்தான். அவனுக்கு வந்தது ஒன்றுமில்லை.

பிறகு, 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தில் 245-ஆம் பிரிவு வந்தது. கூட்டு மனு ஏற்கப்பட்டால் செலவைக் கம்பெனியோ தவறு செய்தவரோ ஏற்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் ஏற்கப்படும் வரை? வாத்தியாரின் மனுவை ஏற்கலாமா என்ற வாதமே இரண்டு வருஷமாக நடக்கிறது. வீண் மனு என்று தள்ளினால் மனுதாரர்கள் லட்ச ரூபாய் வரை கொடுக்க நேரலாம். டைரக்டர்களுக்கு அது டீச் செலவு, பென்ஷன்காரருக்கு நெஞ்சடைப்பு.

இங்கிலாந்தில் மோயர் என்ற சிறு பங்குதாரர் பத்து வருஷத்துக்கு மேல் போராடிக் கைப்பொருள் தீர்ந்து நின்றார். 1975-ல் டென்னிங் பிரபுவின் அமர்வு, கம்பெனியின் நன்மைக்காக வழக்காடுபவனின் செலவைக் கம்பெனியே தாங்கலாம் என்றது. எனக்கு இது பிடித்திருக்கிறது. கூடவே இன்னொன்றும் வேண்டும்: டைரக்டர் முதலில் சொந்தப் பணத்தில் வாதாடட்டும், குற்றமில்லை என்றால் கம்பெனி திருப்பித் தரட்டும்.

"அப்புறம் யோக்கியன் எவன் டைரக்டராக வருவான்?" என்று பாங்கு உத்தியோகத்திலுள்ள நண்பர் கேட்டார். கேள்வி லேசானதல்ல. பொய் வழக்கில் யோக்கியனும் சில வருஷம் கஷ்டப்படுவான்தான். ஆனால் அந்தக் கஷ்டத்தை இப்போது வாத்தியார் படுகிறார். அவருக்குத் திருப்பித் தருவார் இல்லை.

சென்ற வாரம் அவர் வீட்டுத் திண்ணையில் கம்பெனியின் ஆண்டறிக்கை கிடந்தது. 'சட்டச் செலவுகள்' என்ற வரிக்குக் கீழே பென்சில் கோடு. ஓரத்தில், மொத்தப் பங்குகளால் வகுத்து, தம் பாகத்தைக் கணக்கிட்டிருந்தார்: பதினேழு ரூபாய் நாற்பது பைசா.